இருவாச்சிக்கு மரப்பொந்து வேணும்

ஆசிரியருக்கு வணக்கம். ஆனைமலை புலிகள் காப்பகத்துல 1 கோடி ரூபாய்ல இருவாச்சி (ஹார்ன்பில்) பறவைக்குப் பாதுகாப்பு மையம் வரப்போகுதுன்னு உங்க பேப்பர்ல படிச்சேன், ரொம்ப சந்தோஷம். ஆனா கட்டடமும் ஆராய்ச்சியும் மட்டும் போதாதுங்க, இந்தப் பறவைக்கு முதல்ல வேண்டியது பெரிய பழைய மரத்துல ஒரு பொந்து. மரங்கொத்தி மாதிரி அதால தானா குடைஞ்சுக்க முடியாது, தானா உண்டான பொந்தைத்தான் தேடிப் பிடிக்கும். பெண் பறவை உள்ள போய் வாசலை அடைச்சுக்கிட்டு மாசக்கணக்குல அப்படியே கெடக்கும், சின்ன இடுக்கு வழியா ஆண் பறவைதான் அத்திப்பழத்தைக் கக்கிக் கக்கி ஊட்டணும். பல வருஷம் அதே பொந்துக்குத்தான் திரும்பி வரும், அதனால ஒரு மரம் போனா ஒரு குடும்பத்துக்கே வீடு போச்சு.

வால்பாறைல எங்க எஸ்டேட் தொழிலாளர் லயன் வீட்டுப் பக்கம் மழைக்கு சாய்ஞ்சிடும்னு சொல்லி இருவாச்சிப் பொந்து இருந்த ஒரு பெரிய மரத்தை வெட்டிட்டாங்க. அடுத்த ஜனவரில அந்தப் பறவைங்க ஜோடியா வந்து, அந்த இடத்துக்கு மேலேயே ரெண்டு மூணு நாள் சுத்திச்சுங்க, ரயில் போற மாதிரி அந்த றெக்கை சத்தம் இன்னும் காதுலயே இருக்கு. காட்டுக்குள்ள மட்டுமில்லாம எஸ்டேட்ல இருக்கிற பொந்து மரங்களையும் கணக்கெடுத்து நம்பர் போடுங்க, ஃபாரஸ்ட்காரங்க நேர்ல வந்து பாக்காம ஒண்ணையும் வெட்டக்கூடாதுன்னு ஆர்டர் போடுங்க, அந்த 1 கோடில கொஞ்சம் இதுக்கும் ஒதுக்கணும்.

– ஒரு வாசகர், வால்பாறை