இந்த வருஷம் அதிரசம் மட்டும்

தாம்பரம்,
8-11-2025

என் அருமைக் குண்டூசிக்கு,

இந்தப் பேரைச் சொல்லி உன்னைக் கூப்பிட இனி நான் ஒருத்திதான் மிச்சம் என்று நினைக்கிறேன். பேரன் முன்னால் படித்துக் காட்டாதே.

கடிதம் வந்தது. வெள்ளையடிப்பு, குடில், பாடகர் குழு ஒத்திகை, மகன் குடும்பத்துக்கு ரயில் டிக்கெட், நாற்பது பேருக்கு முந்திரிக்கொத்து என்று ஒரு பக்கம் முழுக்க எழுதிவிட்டு, கடைசியில் "கிறிஸ்துமஸ்னு நினைச்சாலே நெஞ்சு படபடங்குதுடி" என்று முடித்திருக்கிறாய். எனக்குப் போன வருஷத்து என்னையே பார்த்த மாதிரி இருந்தது.

போன வருஷம் மகளுக்குத் தலைதீபாவளி இல்லையா? ஏழு வகைப் பலகாரம், மாப்பிள்ளைக்கு மோதிரம், ரங்கநாதன் தெருவுக்கு நாலு நடை. சம்பந்தி வீட்டில் ஒரு குறை சொல்லிவிடக் கூடாதே என்ற பயம்தான் எல்லாவற்றையும் செய்தது, நான் செய்யவில்லை. பாகு அடுப்பில் இருக்கும்போது போனில் பேசப் போய், அது முற்றி, அத்தனை அதிரசமும் கல். ராத்திரி ரெண்டு மணிக்கு மறுபடி வெல்லம் தட்டினேன். என் பெண் அன்றைக்கு என்ன நிறப் புடவை கட்டியிருந்தாள் என்பது பிறகு போட்டோவைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

இந்த வருஷம் அவர்கள் வரவில்லை. நாங்கள் மாமியாரிடம் திருப்பத்தூருக்குப் போகலாம் என்று முடிவு. நம் சிவகங்கைத் திருப்பத்தூர்தான். அறுபது நாளைக்கு முன்பே காலை எட்டு மணிக்கு டிக்கெட் போட உட்கார்ந்தோம், ஓடிபி வருவதற்குள் வெயிட்டிங் லிஸ்ட். ஆம்னி பஸ் கட்டணத்தைக் கேட்டு வீட்டுக்காரர் சிரித்தேவிட்டார். கூட்டத்துக்கு முன்னால், வியாழக்கிழமையே கிளாம்பாக்கம் போய் அரசு பஸ் பிடித்தோம்.

அங்கே அத்தைக்கு எண்பத்திரண்டு வயது. நான் பலகாரக் கணக்கை ஆரம்பித்ததும், "ஒண்ணு செய், உருப்படியாச் செய்" என்றார். சரி, அதிரசம். பச்சரிசியை ஊற வைத்து, நிழலில் உலர்த்தி, ஈரம் இருக்கும்போதே இடித்தோம். பாகு கொதிக்கும்போது கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் கூட்டிப் பார்க்க வேண்டும். கரைந்தால் பதம் வரவில்லை, உருண்டால் இறக்கு, 'டங்'கென்று கேட்டால் போச்சு. அந்தக் கால் மணி நேரம் வேறெதையும் நினைக்க முடியாது. திண்ணையில் போன் அடித்தது, அடித்தது, ஓய்ந்தது. அத்தை வெற்றிலை மென்றுகொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். எனக்கு எதற்கோ அழுகை வரப் பார்த்தது. வருத்தம் இல்லை.

தீபாவளி அன்று சாயங்காலம் இவர் பக்கத்தில் கொள்ளுக்குடிப்பட்டிக்குக் கூட்டிப் போனார். வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிற ஊர். கண்மாய்க்கு வரும் பறவைகள் மிரளும் என்று அங்கே பல வருஷமாய் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. அதற்காகவே வனத்துறைக்காரர்கள் ஊருக்கு இனிப்பு கொடுப்பார்களாம். புதுச் சட்டைக் காலரில் மஞ்சள் தடவியிருந்த ஒரு பயல், "அது நத்தைக்குத்தி நாரைக்கா, அலகு நடுவுல சந்து இருக்கும் பாருங்க" என்று காட்டினான். இருந்தது. எங்கோ தூரத்து ஊர்களில் வெடிப்பது, சட்டியில் பொரி பொரிகிற மாதிரிதான் கேட்டது. இருட்டும்வரை கரையிலேயே நின்றோம். இவரும் நானும் அப்படிப் பேசாமல் நின்று எத்தனை வருஷம் ஆச்சோ! (பேசாமல் இருந்ததுண்டு. அது வேறு கதை.)

உனக்கு நான் என்ன சொல்ல? சுவர் அடுத்த வருஷமும் அங்கேதான் இருக்கும், வெள்ளையடிப்பை விடு. அச்சு முறுக்கைக் கடையில் வாங்கு. மகன் வீட்டாரைக் கூட்டம் சேர்வதற்கு ரெண்டு நாள் முன்னால் கிளம்பி வரச் சொல். பாடகர் குழுவை மட்டும் விட்டுவிடாதே. முழங்கால் வலி என்றால் உட்கார்ந்து பாடு, யார் கேட்கப் போகிறார்கள்? முந்திரிக்கொத்து நாற்பது பேருக்கு வேண்டாம், பத்துப் பேருக்குப் போதும். அதில் ஒரு ஆள் நான்.

எவர்சில்வர் டப்பாவில் இருபது அதிரசம் கூரியரில் போட்டிருக்கிறேன். ரெண்டு வாரம் ஆனாலும் கெடாது, நாள்பட நாள்படத்தான் ருசி. டப்பா அத்தையுடையது, பேர் வெட்டியிருக்கும். பத்திரமாய்த் திருப்பி அனுப்பு. வெறும் டப்பாவாக அனுப்பிவிடாதே.

உன்,
ஒட்டடைக்குச்சி