தண்ணீர் விடும் நேரத்துக்குக் களப்பணி போகட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரிச் சேர்க்கை நாட்கள் வந்தாலே, ‘சமூக நீதியில் உறுதிகொண்ட சுற்றுச்சூழல் கல்வி’ என்ற மாதிரியான விளம்பரங்கள் பெங்களூருவில் கண்ணில் படுகின்றன. தமிழில் சமூக நீதி என்றால் முதலில் இடஒதுக்கீடு. வகுப்பறையில் யாருக்கு இடம் என்ற கேள்வி. விளம்பரக்காரர்கள் சொல்வது வேறு: ஊரின் அழுக்கும் நஞ்சும் யார் வாசலில் போய்ச் சேர்கின்றன என்பது. இரண்டும் வேண்டும். ஆனால் எதையும் விளம்பரத்தை வைத்து அறிய முடியாது. களப்பணி அட்டவணையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள் என்பதே, இந்தப் பாடத்தை நடத்தும் நாங்கள் பெற்றோருக்கும் மாணவருக்கும் சொல்லக்கூடியது.

சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991-இல் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கச் சொன்னது. 2003-இல் மறுபடியும் அழுத்திச் சொல்ல வேண்டியிருந்தது. அப்போது பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) வகுத்த இளநிலைப் பாடத்திட்டத்தில் 50 வகுப்பு மணி. களத்துக்கு அதில் 5. மதிப்பெண்ணோ நூற்றுக்கு 25. ஐந்து மணி நேரத்துக்குக் கால்பங்கு மதிப்பெண் என்றால் நடப்பது தெரிந்ததுதான்: ஒரு பேருந்து, பன்னேருகட்டா உயிரியல் பூங்கா, குழுவாக ஒரு படம், நாலு பக்க அறிக்கை. சுற்றுச்சூழலையே முதன்மைப் பாடமாகக் கொண்ட படிப்புகளுக்கும் இந்தப் பழக்கம் தொற்றியிருக்கிறது.

குடிநீர்ச் சோதனையையே எடுத்துக்கொள்வோம். முறை வைத்துத் தண்ணீர் விடும் பகுதிகளில், விடாத நேரத்தில் குழாய் காலியாகி அழுத்தம் இறங்கிவிடும். பக்கத்தில் ஓடும் சாக்கடை, விரிசல் விட்ட இணைப்புகள் வழியே உள்ளே கசியும். மறுபடி திறந்ததும் முதலில் வருவது அந்தக் கலங்கல்தான். அங்குள்ள பெண்கள் இதை அறிந்தே முதல் சில குடங்களைக் கீழே விடுகிறார்கள். தண்ணீர் வருவது விடியற்காலையில். மாணவர்கள் போவது பதினோரு மணிக்கு. அப்போது கையில் கிடைப்பது வீட்டு டிரம்மில் பிடித்து வைத்த நீர். அதில் கிருமி இருந்தால், ‘மக்களிடம் சுகாதார விழிப்புணர்வு போதவில்லை’ என்று அறிக்கை முடிந்துவிடும். தெருவில் உடைந்து கிடக்கும் குழாயின் குற்றம் வீட்டுக்காரியின் தலையில் ஏறிவிடுகிறது. படிப்பின் நீதியும் அநீதியும் பெரும்பாலும் இப்படி மாதிரி எடுக்கும் நேரத்திலேயே தீர்ந்துபோகின்றன.

முறையாகச் செய்வது கடினமல்ல. திறந்தவுடன் ஒரு குப்பி, பத்து நிமிடம் ஓடிய பின் ஒன்று, டிரம்மிலிருந்து ஒன்று என மூன்றும் வேண்டும். கிருமி நீக்கிய குப்பியின் கழுத்தில் விரல் படக்கூடாது. குளோரின் கலந்த நீருக்கான குப்பியில் முன்கூட்டியே சோடியம் தயோசல்பேட் இட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் ஆய்வகத்துக்குப் போகும் வழியிலேயே குளோரின் கிருமியைக் கொன்று, கெட்ட நீரை நல்ல நீராகக் காட்டிவிடும். எஞ்சிய குளோரினைக் குழாயடியிலேயே அளந்துவிட வேண்டும். இந்தியக் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500-இன்படி லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். குப்பிகள் பனிப்பெட்டியில்தான் போக வேண்டும், ஸ்கூட்டர் டிக்கியில் அல்ல. ஆய்வகம் இல்லாத கல்லூரிக்கு மலிவான எச்2எஸ் சோதனைக் குப்பி போதும்: கோடு வரை நிரப்பி 24 முதல் 48 மணி நேரம் வைத்தால், கருத்துப்போனது மலக்கலப்புக்கு அடையாளம்.

ஆழ்துளைக் கிணற்று நீரில் நைட்ரேட்டையும் பாருங்கள். லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டினால் கழிவுநீர் நிலத்தடியில் இறங்குகிறதா என்று சந்தேகிக்க வேண்டும். ‘காய்ச்சிக் குடியுங்கள்’ என்ற அறிவுரை இங்கே கெடுதல். காய்ச்சினால் நைட்ரேட் போகாது, நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும்.

அடுத்து, யார் எந்தத் தலைப்பைச் செய்கிறார் என்று கேளுங்கள். துப்புரவுப் பணி, மலக்குழி என்றால் தலித் மாணவர், புலியும் காடும் என்றால் மற்றவர் என்று சொல்லாமலே பிரிந்துவிடும் துறைகள் உண்டு. மலக்குழியில் சேரும் நச்சு வாயுவான ஹைட்ரஜன் சல்பைடு எல்லோருக்கும் பாடம்தான். ஆனால் காற்றில் சுமார் 100 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் 100 பங்கை) அது தாண்டினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாமல் போகும் என்பதையும், அதனால்தான் ‘வாசனை இல்லை, இறங்கலாம்’ என்ற நம்பிக்கை ஆளைக் கொல்கிறது என்பதையும் எத்தனை வகுப்புகளில் சொல்கிறார்கள்? மலக்குழி மரணத்துக்கான இழப்பீட்டை 2023-இல் உச்ச நீதிமன்றம் 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக்கியது. மனிதக் கழிவை மனிதர் அள்ளும் கொடுமைக்கு எதிராக நாடு முழுக்கப் போராடிவரும் பெசவாடா வில்சன், நமக்கு மிக அருகே, கோலார் தங்கவயலில் பிறந்தவர். 2001-இல் சுரங்கம் மூடிய பிறகும் தங்கம் பிரித்த கழிவான சயனைடு மேடுகள் அங்கே அப்படியே நிற்கின்றன. 1982-இல் அமெரிக்காவின் வாரன் கவுண்டியில் கறுப்பின மக்கள் நச்சு மண் கொட்ட வந்த லாரிகளை மறித்துப் போராடியதை மனப்பாடமாகச் சொல்லும் மாணவருக்கு, பெங்களூரு குப்பையைச் சுமந்த மாவள்ளிபுராவும் மண்டூரும் எந்தத் திசை என்று தெரிவதில்லை.

குப்பை பாடத்துக்குக் குப்பை பொறுக்குபவரை விருந்தினர் ஆசிரியராக அழைத்தால், மற்ற விருந்தினருக்குத் தரும் அதே மதிப்பூதியத்தைத் தர வேண்டும். கசக்கினால் சலசலக்கும் பிளாஸ்டிக் எது, சத்தமில்லாமல் மடியும் பால் கவர் எது, பளபளக்கும் பிஸ்கட் உறையை ஏன் யாரும் வாங்குவதில்லை என்பதை ஒரு மணி நேரத்தில் அவர் விளக்கிவிடுவார். தேநீரும் சால்வையும் ஊதியமாகாது.

அரசு அலுவலகங்களிடம் ஆவணம் கேட்பதிலும் மாணவர்கள் தடுக்கி விழுகிறார்கள். கர்நாடக விதிப்படி தகவல் உரிமை மனு ஒரே பொருளில், 150 சொல்லுக்குள் இருக்க வேண்டும். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். மாணவர்கள் பன்னிரண்டு கேள்வியை ஒரே தாளில் அடுக்கிவிட்டு, நிராகரித்துவிட்டார்கள் என்று குறைபடுகிறார்கள். 2025 செப்டம்பர் முதல் நகரம் ஐந்து மாநகராட்சிகளாகிவிட்டதால் முகவரியும் குழப்பம். மனு இடம் மாறிப் போனாலும், தகவல் உரிமைச் சட்டத்தின் 6(3) பிரிவின்படி 5 நாளில் உரிய அலுவலகத்துக்கு அவர்களே அனுப்பியாக வேண்டும்.

சேரும் முன் துறைத் தலைவரிடம் இன்னொன்றும் கேட்டுவிடுங்கள்: சென்ற ஆண்டு மாதிரி எடுத்த தெருவுக்கு முடிவைத் திருப்பிக் கொடுத்தீர்களா, கன்னடத்திலும் தமிழிலும் கொடுத்தீர்களா? கொடுத்திருந்தால் அந்தத் தாளின் ஒரு பிரதியைக் காட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சுற்றுச்சூழல் பாட ஆசிரியர்கள் சிலர்,
பெங்களூரு.