ஒரு மணி இருபது நிமிடம்

குன்னூர்
நவம்பர் 10

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. மழை விடவில்லை. முந்தாநாள் ராத்திரி காட்டுமாடு வந்து கொல்லையில் போட்டிருந்த பீன்ஸை மேய்ந்துவிட்டுப் போயிற்று. ஊர்ச் செய்தி இவ்வளவுதான்.

நீ அனுப்பிய டிக்கெட்டை பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்தேன். போனில் எழுத்து பொடிசாக இருக்கிறது. இரண்டு பக்கம் வந்தது. மூன்றாவது பக்கம் எங்கேப்பா, மிஷினில் மாட்டிக்கொண்டதா என்று கடைப் பையனைக் கேட்டேன். "மொத்தமே ரெண்டு பக்கம்தான் தாத்தா" என்றான். சரி என்று வாங்கி வந்துவிட்டேன்.

நான்கு நாளாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பாஸ்டனில் ஏறி துபாயில் இரவு 8.25க்கு இறங்குகிறாய். சென்னை விமானம் 9.45க்கு. நடுவில் 1 மணி 20 நிமிடம். இது போதாது பாப்பா. கைக்குழந்தை இல்லை, நாலு வயதுப் பையன்தான் என்பாய். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாம். நாலு வயதுப் பையன் தூங்கி எழுந்தால் நடக்கவும் மாட்டான், தூக்கவும் விடமாட்டான்.

மேல்வீட்டுப் பையன் துபாய் விமான நிலையத்தில் சாமான் ஏற்றும் வேலையில் இருக்கிறான் அல்லவா, லீவில் வந்திருக்கிறான். அவனை உட்கார வைத்துக் கேட்டேன். 2024-ல் மட்டும் 9 கோடியே 23 லட்சம் பேர் அந்த விமான நிலையம் வழியாகப் போனார்களாம். மூன்றாவது டெர்மினலுக்கு உள்ளேயே ஏ, பி, சி என்று தனித்தனிப் பகுதி. ஏ-வுக்கும் பி-க்கும் நடுவில் ரயில் ஓடுகிறதாம். ரயில் என்றதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். டிரைவரே கிடையாது தாத்தா என்றான். போகட்டும்.

அவன் கணக்கை அப்படியே எழுதுகிறேன். 8.25 என்பது வண்டி வந்து நிற்கிற நேரம்தான், நீ இறங்கி வெளியே வருகிற நேரம் இல்லை. சில நாள் தூரத்தில் நிறுத்தி பஸ்ஸில்தான் கொண்டுபோவார்கள். உன் சீட் 41. முன்னால் இருக்கிறவர்கள் எல்லாம் மேலே வைத்த பையை இறக்கிக் கிளம்பினால்தான் உன் முறை வரும். அதிலேயே இருபது நிமிடம் போய்விடும். அப்புறம் மாறிப்போகிறவர்களுக்கு மறுபடியும் ஒரு செக்கிங். பாஸ்டனில் பார்த்துவிட்டார்களே என்றால் விடமாட்டார்கள். அதற்கும் வரிசை. 9.45 என்றால் 9.45 வரைக்கும் கதவு திறந்திருக்காது, இருபது நிமிடம் முன்பே கேட்டை மூடிவிடுவார்கள். ஆக 1 மணி 20 நிமிடம் என்று நீ நினைப்பது கைக்கு வரும்போது நாற்பது நிமிடம்தான். பாஸ்டனில் ஜனவரி மாதம் பனி. இறக்கையில் உறைந்த பனியை மருந்தடித்து எடுத்துவிட்டுத்தான் கிளப்புவார்களாம். அதற்கு அரை மணி போனால் மிச்சம் என்ன இருக்கிறது?

கம்ப்யூட்டரே அந்த டிக்கெட்டை விற்கிறதே என்று நானும் கேட்டேன். "கம்ப்யூட்டருக்குக் குறைந்தபட்சம் இத்தனை நிமிடம் என்று ஒரு கணக்கு உண்டு, அதற்கு மேல் ஒரு நிமிடம் இருந்தாலும் விற்றுவிடும். அது ஓடத் தெரிந்த ஆளுக்குப் போட்ட கணக்கு" என்றான். நல்ல பையன்.

நம் ரயில்வே குவார்ட்டர்ஸில் இன்ஜினியரிங் முடித்த முதல் பெண் நீ. கவுன்சிலிங்குக்குச் சென்னை போனபோது உன் முறைக்கு மூன்று மணி நேரம் முன்னால் போய் உட்கார்ந்தவள். அண்ணா யுனிவர்சிட்டி கேட்டில் வாட்ச்மேன்கூடச் சிரித்தான். அப்படிப்பட்டவள் இப்படி ஒரு டிக்கெட் போட்டிருக்கிறாய். நீ அதை அனுப்பியபோது இங்கே மதியம் ஒன்றரை. கணக்குப் பார்த்தேன், அங்கே ராத்திரி மூன்று மணி. அந்த நேரத்தில் டிக்கெட் போட்டால் தப்பு வரத்தான் செய்யும். ஞாயிற்றுக்கிழமை பேசும்போதும் நீ காரில்தான் இருக்கிறாய், கேமராவைத் திறப்பதில்லை. நெட் சரியில்லை என்கிறாய். இந்த மலையில் எங்களுக்கே நெட் கிடைக்கிறது. தீபாவளிக்குக்கூட அம்மா உன் முகத்தைப் பார்க்கவில்லை.

துபாயில் விட்டுவிட்டால் அடுத்த விமானத்தில் அவர்களே ஏற்றிவிடுவார்கள், அது ஒரே டிக்கெட். எனக்கு அதைவிடப் பெரிய கவலை சென்னை. கோயம்புத்தூருக்கு நீ தனியாக வேறு டிக்கெட் போட்டிருக்கிறாய். இரண்டுக்கும் ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லை. முதல் விமானம் தாமதமானால் இரண்டாவதுகாரன் உனக்குப் பதில் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. காசு போனது போனதுதான். விடிகாலை 3.20க்கு இறங்கி 5.50க்கு ஏற வேண்டும். இரண்டரை மணி நேரம் இருக்கிறதே என்பாய். கவுண்டரை 4.50க்கே மூடிவிடுவார்கள். இமிகிரேஷன், பெட்டி வருகிற வரைக்கும் காத்திருப்பது, கஸ்டம்ஸ், வெளியே வந்து உள்நாட்டு டெர்மினலுக்குத் தள்ளிக்கொண்டு போவது, எல்லாம் ஒன்றரை மணி நேரத்துக்குள். உன்னை அனுப்ப வந்த ராத்திரி நான் பார்த்தேனே, அந்த நேரத்தில்தான் ஒன்றன்பின் ஒன்றாக வந்து இறங்குகின்றன. உனக்கு நம் பாஸ்போர்ட், குட்டிக்கு அமெரிக்க பாஸ்போர்ட். எந்த வரிசையில் நிற்பது என்று கேட்பதிலேயே பத்து நிமிடம் போகும். குட்டியின் ஓசிஐ கார்டை, அவனுக்கு விசாவுக்குப் பதில் அதுதான், கைப்பையிலேயே வை.

அப்புறம், நீ வந்து இறங்குவது போகி அன்று. அதைப் பார்த்தாயா இல்லையா? சென்னையில் விடிகாலையில் பழைய பாயையும் டயரையும் கொளுத்துவார்கள். பனியும் புகையும் சேர்ந்து ஓடுபாதையே தெரியாது. 2018 போகி அன்று எத்தனை விமானத்தை இறக்க முடியாமல் வேறு ஊருக்குத் திருப்பி விட்டார்கள். அப்படியானால் கோயம்புத்தூர் விமானமும் லேட்டாகும், பிடித்துவிடலாம் என்று கணக்குப் போடாதே. அந்தக் கணக்கை நம்பி ஏமாந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பெட்டி விஷயம். துபாய் டிக்கெட்டில் ஆளுக்கு 23 கிலோவில் இரண்டு பெட்டி என்று போட்டிருக்கிறது. இரண்டு பேருக்கு 92 கிலோ. கோயம்புத்தூர் டிக்கெட்டில் ஆளுக்கு 15 கிலோதான். மேற்கொண்டு ஒவ்வொரு கிலோவுக்கும் காசு. எத்தனை பெட்டி கொண்டுவருகிறாய் என்று நீ சொல்லவில்லை. லீவுக்கு வருகிறவர்களுக்கு ஒரு பெட்டி போதும். நிறையக் கொண்டுவந்தாலும் பரவாயில்லை, உன் அறை காலியாகத்தான் இருக்கிறது. கிலோ கணக்குக்காகத்தான் கேட்டேன்.

இன்னொன்றும் அந்தப் பையன் சொன்னான். அமெரிக்காவிலிருந்து அம்மா மட்டும் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வருவதென்றால், அப்பாவின் சம்மதக் கடிதம் ஒன்று நோட்டரி கையெழுத்தோடு வைத்திருப்பது நல்லதாம். "மாப்பிள்ளைகிட்ட ஒரு கையெழுத்து வாங்கி வச்சுக்கச் சொல்லுங்க" என்றான். சொல்கிறேன் என்றேன். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை என்று அம்மாவிடம் நானே சொல்லி வைத்திருக்கிறேன். நீ ஒன்றும் விளக்க வேண்டாம்.

34 வருஷம் மலை ரயிலில் பிரேக்ஸ்மேனாக இருந்தவன் நான். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 28 கிலோமீட்டர், மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. ஹில்குரோவிலும் ரன்னிமேட்டிலும் நின்று இன்ஜின் தண்ணீர் குடிக்க வேண்டும். அந்த நேரத்தை டைம்டேபிளிலேயே போட்டிருக்கிறான் வெள்ளைக்காரன். இன்ஜினுக்குக் கொடுத்த அந்தப் பத்து நிமிடத்தை நீ உனக்கு வைத்துக்கொள்ளவில்லை. குட்டியை பாத்ரூமுக்குக் கூட்டிப்போக எந்த நிமிடத்தை எடுப்பாய்?

மேட்டுப்பாளையத்தில் சென்னை வண்டி லேட் என்றால் எங்களை நிற்கச் சொல்வார்கள். 7.10க்குக் கிளம்ப வேண்டியது, முக்கால் மணி நேரம்கூட நின்றிருக்கிறோம். ஸ்டீம் வீணாகிறது என்று டிரைவர் சத்தம் போடுவார். நான் முதல் பெட்டியின் முன்னால் கொடியைச் சுருட்டி வைத்துக்கொண்டு பிளாட்பாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கடைசியில் வந்து சேர்வார்கள், ஒரு கையில் பெட்டியும் ஒரு கையில் பிள்ளையுமாக. ஏறி உட்கார்ந்து மூச்சு வாங்கின பிறகுதான் கொடி காட்டுவேன். அவர்கள் யார், எந்த ஊர் என்றுகூட எனக்குத் தெரியாது.

2018 ஆடி மாசக் கடைசியில் நீ ஷெட்டுக்கு வந்தாய். மழை தூறிக்கொண்டிருந்தது. "தை வரைக்கும் பொறுத்துக்கலாம்ப்பா, அவர்கிட்ட இன்னும் கொஞ்சம் பேசிப் பார்க்கிறேன்" என்றாய். மாப்பிள்ளைக்கு 21 நாள்தான் லீவு, மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சு என்றேன். நீ மறுபேச்சுப் பேசவில்லை. டீ குடிக்கிறாயா என்று கேட்டேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போய்விட்டாய். அட்வான்ஸ் 15,000 ரூபாய். அன்றைக்கு நான் வாங்கிய சம்பளத்துக்கு அது பெரிய பணம்கூட இல்லை.

நீ வந்து கேட்டது அம்மாவுக்கு இன்று வரைக்கும் தெரியாது. நான் சொல்லவில்லை. மறந்துபோய் இல்லை. சொல்லியிருந்தால் அவள் கல்யாணத்தை நிறுத்தியிருப்பாள், அது தெரிந்துதான் சொல்லவில்லை. ஊரில் பத்திரிகை கொடுத்தாகிவிட்டது, திருப்பி வாங்கினால் என்ன பேசுவார்கள் என்று பயந்தேன். எட்டு வருஷமாகப் போகிறது, பத்திரிகை வாங்கினவர்களில் பாதிப் பேர் இன்று உயிரோடு இல்லை. ரிட்டையர் ஆன பிறகும் ராத்திரி மூன்று மணிக்கு முழிப்பு வந்துவிடும். அப்போதெல்லாம் அந்தப் படியில் நீ ஏறிப்போவதுதான் கண்ணில் நிற்கிறது. போனில் சொன்னால் அம்மா பக்கத்தில் நிற்பாள். அதனால்தான் எழுதுகிறேன். எழுதி நானே போட்டோ எடுத்து உனக்கு அனுப்பப் போகிறேன், ஜெராக்ஸ் கடைக்குப் போகப் போவதில்லை.

டிக்கெட்டுக்கு வருகிறேன். துபாயிலிருந்து சென்னைக்கு ராத்திரி 2.45க்கு இன்னொரு விமானம் இருக்கிறதாம். அதற்கு மாற்று. ஆறு மணி நேரம் கிடைக்கும், குட்டியைக் கொஞ்சம் தூங்க வைக்கலாம், நீயும் சாப்பிடலாம். மாற்றக் காசு கேட்பார்கள், உன் பழைய பாங்க் கணக்கில் போட்டுவிடுகிறேன். துபாய் நேரம் நமக்கு ஒன்றரை மணி பின்னால், டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரம்தான் போட்டிருக்கும், போன் காட்டும் நேரத்தைச் சரிபார்த்துக்கொள். கோயம்புத்தூர் டிக்கெட்டை விட்டுவிடு. போனால் போகிறது. காலை எட்டு மணிக்கு மேல் சென்னையில் இறங்குவாய். புகையில் திருப்பிவிட்டு மத்தியானம் வந்தாலும் கவலை இல்லை, நீலகிரி எக்ஸ்பிரஸ் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல்தான். நான் முதல் நாளே வந்து வாசலில் நிற்பேன். பகலில் பெரம்பூர் அத்தை வீட்டில் இருக்கலாம். அத்தை வாய் உனக்குத் தெரியும். கேள்வி கேட்பாள். வேண்டாம் என்றால் சென்ட்ரலிலேயே தங்கும் அறை போட்டுக்கொள்ளலாம், எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். பொங்கல் அன்று காலை மேட்டுப்பாளையம். மழையில் பாதை கெடாமல் இருந்தால் குட்டியை மலை ரயிலில் முன்பெட்டியில் உட்கார வைக்கிறேன். கெட்டிருந்தால் நம் ஊர் டாக்ஸி வரும், நீலகிரி வண்டிகளின் 43 நம்பர், வெளியூர் வண்டிகளிடம் கேட்கிற இ-பாஸை அதனிடம் கேட்க மாட்டார்கள்.

பொங்கல் நேரம். அறுபது நாளுக்கு முன்னால் ரிசர்வேஷன் திறப்பான், திறந்ததும் தீர்ந்துவிடும். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு. நான் ஆறு மணிக்கே கவுண்டரில் போய் நிற்பேன். அதனால் வெள்ளிக்கிழமைக்குள் ஒரே ஒரு பதில் போடு. எனக்கு ஒன்று, உனக்கு ஒன்று, குட்டிக்கு ஐந்து வயது ஆகவில்லை, டிக்கெட் வேண்டியதில்லை, இருந்தாலும் அவனுக்கும் ஒரு பெர்த் போடுகிறேன். மூன்றா, நாலா என்று மட்டும் எழுது. மூன்று என்றாலும் சரி. அந்த ஃபாரத்தில் பெயரும் வயதும்தான் கேட்டிருக்கும்.

அப்பா

மறுபடியும் சொல்கிறேன், 2.45 விமானம். பாஸ்டனில் குளிர் அதிகம் என்று டிவியில் சொன்னான், குட்டிக்குக் குல்லா போடு.