மீன் பெட்டியில் இடம் கொடுத்த மக்சிக்கிற்கும், உடன் நின்ற எல்லோருக்கும்

வணக்கம்.

பாட்டி போனதும், கருமாதி முடிவதற்குள் வீட்டில் தண்ணீர் ஏறியதும் மலேசியாவின் கிள்ளானில் நம்மைத் தெரிந்த எல்லோரும் அறிந்ததே. அதை மறுபடி எழுதி யாரையும் கலங்க வைக்க வேண்டாம். சேறு அள்ளிய தம்பிமார், சோற்றுப் பொட்டலம் அனுப்பிய கோயில் கமிட்டி, பாயும் தலையணையும் கொடுத்த பக்கத்து வீட்டார், மழையில் நனைந்துகொண்டே உறுமி அடித்த பிள்ளைகள் என்று உங்கள் எல்லோருக்கும் கைகூப்பி நன்றி. வீடு வீடாக நேரிலும் வருவோம்.

ஆனால் இந்த மடலின் பெரும்பகுதி ஒருவருக்குத்தான்: பாசாரில், அதாவது சந்தையில், மீன் விற்கும் மக்சிக் (மலாயில் 'அத்தை'). அவருக்குத் தமிழ் வாசிக்க வராது. பரவாயில்லை, அவர் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று வாசிக்கத் தெரிந்தவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

பாட்டியின் டிரங்குப் பெட்டி அடித்தளத்து அறையில் இருந்தது. 1951-இல் நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறியபோது கையில் இருந்த பாஸ்போர்ட், அம்மை குத்திய சான்று, ரப்பர் தோட்டத்துப் படங்கள், ஊரிலிருந்து வந்த நீல ஏரோகிராம் கடிதங்கள், தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் சந்தாப் புத்தகம், பால் வெட்டும் உளி எல்லாம் அதற்குள். 93 வருட வாழ்க்கைக்குச் சாட்சி என்று இருந்தது அவ்வளவே. மூடியைத் தூக்கியபோது எல்லாமே சேற்றுத் தண்ணீரில் ஊறி ஒரே கட்டியாக இருந்தது.

புத்தகம் கட்டும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் தொலைபேசியில் சொன்ன முதல் வார்த்தை, "பிரிக்காதீங்க." ஈரத்தில் ஊறிய காகிதம் தன் பலத்தையெல்லாம் இழந்திருக்கும், ஒட்டியிருக்கும் பக்கத்தை இழுத்தால் எழுத்தோடு பிய்ந்து வரும். அப்படியே விட்டாலும் நம் புழுக்கத்தில் இரண்டு நாளுக்குள் பூஞ்சணம் பிடித்துவிடும். வெயிலில் போட்டால் சுருண்டு நிறம் வெளுக்கும். இஸ்திரிப் பெட்டியும் முடி உலர்த்தியும் அதைவிட மோசம்: மேல்தாள் காய்ந்து இறுகும், உள்தாள் ஈரமாகவே புழுங்கும். அத்தனையையும் இரண்டு நாளில் காய வைக்க ஆள் இல்லை, இடமும் இல்லை. அப்படியானால் உறைய வைப்பதுதான் ஒரே வழி. மைனஸ் 18 டிகிரியில் பூஞ்சணம் வளராது, மை மேலும் பரவாது, மாதக்கணக்கில் அவகாசம் கிடைக்கும்.

வெள்ளத்தில் மூழ்கிய தெருவில் ஓடுகிற ஃப்ரீசருக்கு எங்கே போவது? விஷயம் எப்படியோ பாசார் வரை போய்ச் சேர்ந்திருக்கிறது. மக்சிக் தன் மீன் ஃப்ரீசர்களில் ஒன்றின் மேல்தட்டைக் காலி செய்துவிட்டு ஆள் அனுப்பினார். அதிலிருந்த கெம்போங் மீனை அன்றே விலை குறைத்துத் தள்ளிவிட்டார் என்பது பிறகுதான் தெரிய வந்தது. வாடகை என்ற பேச்சை எடுக்கவே விடவில்லை. பொட்டலங்கள் மேல் ஒட்டுத்தாள் ஒட்டி, பாட்டியுடையது, விற்காதே என்று மலாயில் பெரிதாக எழுதி வைத்தார். பாட்டி அவரிடம் பேரம் பேசாத வாரம் உண்டா என்ன!

கருமாதி முடியும்வரை கவிச்சி தொடாத வீட்டின் காகிதம் மீனோடு கிடக்கலாமா என்று சிலர் முணுமுணுத்தார்கள். பாட்டியைத் தெரிந்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். வாசமும் ஏறவில்லை. காற்றுப் புகாத ஜிப் பை இரண்டு, ஒன்றுக்குள் ஒன்று, அதுதான் ரகசியம்.

வெள்ளக்காடு நம்மில் பலருக்கும் வருடா வருடம் வருவதுதான். ஆகவே அந்தப் பெரியவர் சொன்ன முறையை இங்கேயே எழுதிவிடுகிறோம். காகிதக் கட்டை விரற்கடை கனத்துக்கு மேல் போகாமல், தானாகப் பிரிகிற இடத்தில் மட்டும் பிரிக்க வேண்டும். கட்டுக்கும் கட்டுக்கும் நடுவே கேக் சுடுகிற மெழுகுத்தாள். உள்ளே என்ன என்பதைப் பென்சிலால் எழுதிய சீட்டு. பேனா மை கரைந்து புதுக் கறை உண்டாக்கும். உறைந்து கெட்டியாகும்வரை தட்டையாக, ஒன்றன்மேல் ஒன்று ஏற்றாமல் கிடத்த வேண்டும்.

வெளியே எடுக்கும்போது ஒரு பொட்டலம், ஒரே ஒரு பொட்டலம்தான். பையைத் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். முன்கூட்டித் திறந்தால் காற்றிலுள்ள ஈரமெல்லாம் குளிர்ந்த தாளின் மேலேயே வியர்த்து இறங்கும். பிறகு தாளுக்கு இடையில் மையொற்றித் தாளோ அச்சடிக்காத வெள்ளைத் தாளோ வைத்து, முதல் நாள் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். செய்தித்தாள் வேண்டாம், அதன் அச்சு ஈரத்தில் இறங்கும். மின்விசிறியைத் தாளின் பக்கம் திருப்பாமல் சுவர்ப் பக்கம் திருப்ப வேண்டும். முக்கால்வாசி காய்ந்த பிறகே பாரம் ஏற்றலாம்.

படங்களுக்கு வேறு வழி. அவற்றை ஃப்ரீசருக்கு அனுப்பவில்லை. ஒட்டிக்கொண்ட படங்களைக் குளிர்ந்த சுத்தமான தண்ணீரில் ஊற விட்டால் மெதுவாகத் தாமாகவே கழன்று வரும். படத்தின் முகப்பில் விரல் படக்கூடாது. ஊறிய ஜெலட்டின் படலம் விரலோடு வந்துவிடும். ஓரத்தில் கிளிப் மாட்டித் தொங்க விட்டுத்தான் காய வைத்தோம். கையால் வண்ணம் தீட்டிய ஸ்டூடியோ படம் ஒன்றை மட்டும் நனைக்கவில்லை, அந்த வண்ணம் தண்ணீரில் போய்விடும். லேமினேட் செய்த அடையாள அட்டையையும் உரிக்கவில்லை, நிறுத்தி வைத்தே காய்ந்தது.

பாஸ்போர்ட் பிழைத்துவிட்டது. அட்டையின் சாயம் இரண்டு பக்கங்களில் இறங்கியிருக்கிறது, பினாங்கில் குத்திய ஊதா முத்திரை கொஞ்சம் கலங்கியிருக்கிறது. ஆனாலும் 1953-இல் குடிநுழைவுச் சட்டம் இறுகுவதற்கு முன், 19 வயதில், அண்ணனைத் தேடி டெக் பயணியாகத் தனியாக வந்த பெண்ணின் முகம் அப்படியே இருக்கிறது. 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பெர்மிட் வாங்க வேண்டியிருந்தபோது ஆயிரக்கணக்கானோர் ஊர் திரும்பினார்கள். பாட்டி வரிசையில் நின்று வாங்கிய பெர்மிட்டும், அதன் பிறகு வெகுகாலம் சுமந்த, குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்கான சிவப்பு அடையாள அட்டையும் இருக்கின்றன. அறுபது தாண்டிய பிறகு யாரிடமும் சொல்லாமல் பட்டர்வொர்த்தில் பேங்காக் ரயில் ஏறிய டிக்கெட்டும் கூட. அந்தக் கதையைப் பாட்டி மிகைப்படுத்துகிறார் என்று நினைத்தவர்கள் இப்போது வந்து பார்க்கலாம்.

உளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நல்ல தண்ணீரில் சேற்றைக் கழுவி, உடனே துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் தடவியதோடு சரி. சாணை பிடிக்கக் கொடுக்கவில்லை. அந்த வளைந்த முனையின் தேய்மானம்தான் அதன் மதிப்பு. பால்மரத்தில் இடது மேலிருந்து வலது கீழாக, ஏறத்தாழ 30 டிகிரி சரிவில் இழுத்த உளி அது. பட்டைக்குள் பால் குழாய்கள் லேசாகச் சாய்ந்தே ஓடுவதால் அந்தத் திசையில் வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். ஒரு வெட்டுக்குச் சீவ வேண்டிய பட்டை ஒன்றரை மில்லிமீட்டருக்குள். உட்பட்டையில் ஒரு மில்லிமீட்டராவது மிஞ்ச வேண்டும். கத்தி மரத்தைத் தொட்டால் அங்கே பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், அந்த இடத்தில் மறுபடி உளி ஓடாது. இதையெல்லாம் விடியுமுன், நெற்றி விளக்கு வெளிச்சத்தில் செய்ய வேண்டும். வெயில் ஏறினால் மரத்துக்குள் அழுத்தம் குறைந்து மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் பால் இறங்காது. பாட்டியின் நிரையில் காயம்பட்ட மரம் அபூர்வம் என்று பழைய தோட்டத்துக்காரர்கள் துக்கம் கேட்க வந்தபோதும் சொன்னார்கள். விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக் கதைகளையும் சொல்லி எங்களைச் சிரிக்க வைத்த அவர்களுக்கும் நன்றி.

இனி அந்தப் பெட்டி மாடியில்தான் இருக்கும். ஒவ்வொரு தாளையும் படம் எடுத்தாகிவிட்டது. படங்களில் உள்ள தோட்டத்து முகங்களில் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் இருந்தால் பிரதி போட்டுத் தருவோம், கூச்சப்படாமல் கேளுங்கள்.

ஏரோகிராம் கட்டு மட்டும் இன்னும் மக்சிக்கின் தட்டில் இருக்கிறது. மெல்லிய தாள், ஊற்றுப் பேனா மை, மடிப்பின் பசை வேறு ஊறித் திரும்ப ஒட்டியிருக்கிறது. பிளாஸ்டிக் தாளைக் கீழே கொடுத்து ஏந்தித்தான் ஒவ்வொன்றாக விரிக்க வேண்டும். அவசரமில்லை, இருக்கட்டும் என்கிறார் மக்சிக். ஆனால் ஹரி ராயாப் பெருநாளுக்கு முந்தைய வாரம் அவருக்கு ஃப்ரீசர் முழுவதும் தேவைப்படும். அதற்குள் எடுத்துவிடுவோம்.

நன்றியுடன்,
பேரப்பிள்ளைகள்