உரிமத்தின் மீது பழி வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வெளிநாட்டு நிறுவனங்களிடம் உரிமம் பெற்றுத் தயாரிக்கப்பட்ட சிக்கனக் கார்களைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, போலந்தின் போல்ஸ்கி ஃபியட் 126பி காரை, இத்தாலியர்களுக்கு வேண்டாத பழைய மாதிரி ஒன்று போலந்தின் தலையில் கட்டப்பட்ட கதையாகச் சொல்கிறது. இதை ஏற்க இயலவில்லை.

ஃபியட் 126 இத்தாலியில் அறிமுகமானது 1972-இல்தான். அதற்கு முந்தைய ஆண்டு அக்டோபரிலேயே உரிம ஒப்பந்தம் கையெழுத்தாகி, 1973 ஜூனில் போலந்தின் பியெல்ஸ்கோ-பியாவா நகர ஆலையிலிருந்து முதல் கார் வெளிவந்துவிட்டது. பின்புறம் அமைந்த, காற்றால் குளிர்விக்கப்படும் 594 சிசி இரட்டைச் சிலிண்டர் என்ஜின் பழைய ஃபியட் 500-இன் வழிவந்தது என்பது உண்மையே. ஆனால் அதே என்ஜினைத்தான் இத்தாலிய வாடிக்கையாளர்களும் காசு கொடுத்து வாங்கினார்கள். மேலும், இத்தாலியில் 1980-இல் உற்பத்தி நின்ற பிறகு, மேற்கு ஐரோப்பாவில் விற்பனையான 126 கார்கள் போலந்திலிருந்தே சென்றன. கழித்துவிடப்பட்ட மாதிரிக்கு இப்படியொரு சந்தை இருந்திருக்குமா?

காரின் மலிவைப் பற்றியும் கட்டுரையாளர் வியந்திருக்கிறார். ஆனால் தொடக்க விலையான 69,000 ஸ்லோட்டி (போலந்து நாணயம்), அன்றைய சராசரி ஊழியரின் ஏறத்தாழ இரண்டு ஆண்டுச் சம்பளம். பணத்தை முன்கூட்டியே வங்கியில் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்ததால், உடனே கிடைக்கும் பழைய கார் புதிய காரைவிட அதிக விலைக்குக் கைமாறியது. இந்த விந்தைக்குக் காரணம் ஃபியட் அல்ல. தேவைக்கேற்ற எண்ணிக்கையில் கார்களைத் தர முடியாத அரசுத் திட்டமிடலே.

உண்மையான குறை, உரிமம் பெற்றதில் அல்ல, பெற்றதை விடாமல் பிடித்துக்கொண்டதில்தான் இருக்கிறது. நீரால் குளிர்விக்கப்படும் 703 சிசி என்ஜினுடன் பிஸ் என்ற மாற்று வடிவம் 1987-இல் வந்தது. 1991-இல் சின்குவெசென்டோ என்ற புதிய சிறிய காரும் போலந்தின் டிஹி நகர ஆலையில் உற்பத்திக்கு வந்தது. அதன் பிறகும் 126பி 2000 செப்டம்பர் வரை தயாரிக்கப்பட்டு, போலந்தில் மட்டும் சுமார் 33 லட்சம் கார்களைத் தொட்டது. ஏறத்தாழ 27 ஆண்டுகள் ஒரே அடிப்படை வடிவமைப்பு நீடித்ததற்கு ஒப்பந்தத்தைக் குறை சொல்வது பொருந்தாது.

அதே டிஹி ஆலையில்தான் 2007 முதல் புதிய ஃபியட் 500 தயாராகிப் பல நாடுகளுக்கு ஏற்றுமதியானது. 126பி காருக்காக எழுந்த அந்த ஆலையையும், அங்கே பழகிய தொழிலாளர்களையும் கணக்கில் சேர்க்காமல் உரிமத்தால் கிடைத்த லாப நட்டத்தைக் கட்டுரையாளர் முடிவு செய்திருக்கக் கூடாது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்