மூத்த தாரத்து மகன் ஜான் டால்பட்டுக்கு

அன்புள்ள ஜான்,

உங்கள் அப்பா, முதலாம் ஷ்ரூஸ்பரி ஏர்ல் ஜான் டால்பட்டைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. நூறாண்டுப் போரில் இங்கிலாந்தின் கடைசிப் பெரிய தளபதி என்கிறார்கள், பிரெஞ்சுத் தாய்மார்கள் அவர் பெயரைச் சொல்லிப் பிள்ளைகளை அடக்கினார்கள் என்கிறார்கள். 1453 ஜூலை 17 அன்று பிரான்சின் காஸ்டியோன் போர்க்களத்தில் அவரும் அவர் மகன் ஜானும் ஒரே நாளில் மாண்ட கதையைப் படிக்கிற பலர் அந்த ஜான்தான் அவருடைய வாரிசு என்று நினைத்துவிடுகிறார்கள். அது நீங்கள் இல்லை, உங்கள் சிற்றன்னையின் மகன். இரண்டு மனைவிகளின் பிள்ளைகளுக்கும் ஒரே பெயரை வைத்த தகப்பன் அவர். களத்தில் செத்த ஜானுக்குப் புகழ் கிடைத்தது, உயிரோடிருந்த உங்களுக்கு ஷ்ரூஸ்பரி ஏர்ல் பட்டமும் ஒரு சொத்துத் தகராறும் கிடைத்தன. அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

உங்கள் அம்மா மோட் நெவில்லை யாரும் பேசுவதே இல்லை, அது எனக்குப் பெரிய வருத்தம். அப்பா இரண்டாவது பிள்ளை, டால்பட் சொத்தெல்லாம் அண்ணன் கில்பர்ட்டுக்கு. உங்கள் பாட்டி அங்கரெட் விதவையான பிறகு தாமஸ் நெவில் என்ற பிரபுவை மணந்துகொண்டார், அவருடைய முதல் தாரத்து மகள்தான் உங்கள் அம்மா. தாய்க்கு இரண்டாம் கணவராக வந்தவரின் மகளையே அப்பாவுக்குக் கட்டி வைத்தார்கள். நிலம் வெளியே போய்விடக் கூடாது என்று செய்த ஏற்பாடுதான். ஆனால் அந்தக் கல்யாணத்தில்தான் ஃபர்னிவல் பிரபு என்ற பட்டமும் ஷெஃபீல்டும் அவர் கைக்கு வந்தன. பிரான்சில் ரூவாங் நகர முற்றுகையில் கில்பர்ட் இறந்து, அவருடைய சின்னஞ்சிறு மகளும் 1421-ல் போன பிறகுதான் டால்பட் நிலங்கள் அப்பாவுக்கு வந்தன. அதுவரை அவரைப் பிரபுவாக நிற்க வைத்தது உங்கள் அம்மாவின் சீதனம். அந்த அம்மாவும் சீக்கிரமே போய்விட்டார், அப்போது உங்களுக்குப் பத்து வயதுகூட நிரம்பியிருக்காது.

அப்பா வீட்டில் இருந்ததே அபூர்வம். வேல்ஸில் ஓவைன் க்ளிண்டூரின் கிளர்ச்சியை அடக்கப் போனார், 1414-ல் மன்னரின் பிரதிநிதியாக அயர்லாந்துக்குப் போய் அங்கே ஆர்மண்ட் ஏர்லோடு தீராத பகையைத் தேடிக்கொண்டார். அந்தப் பகையைத் தணிக்கப் பின்னால் உங்களைத்தானே ஆர்மண்டின் மகள் எலிசபெத் பட்லருக்கு மணமுடித்தார்கள்! பெரியவர்கள் மூட்டிய நெருப்பை அணைக்கும் வேலை உங்கள் தலையில் விழுந்தது அதுதான் முதல் தடவை.

பிரான்சில் அவர் செய்தவற்றை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 1429 ஜூன் 18 அன்று பத்தேயில், வில்லாளர்கள் மண்ணில் கூர்முளைகளை நட்டு முடிப்பதற்குள் பிரெஞ்சுக் குதிரைப்படை பாய்ந்துவிட, பிடிபட்டு நான்கு வருடம் சிறையிருந்தார். ஜோன் ஆஃப் ஆர்க் ஓர்லியன்ஸ் முற்றுகையை முறியடித்த கொஞ்ச நாளிலேயே நடந்தது அது. வெளியே வந்ததும் மறுபடி களம்தான். 1437 பிப்ரவரியில் பனி மூடிய பொன்துவாஸ் நகரத்தை, ஆட்களுக்கு வெள்ளை உடை போட்டு இருட்டில் மதிலேற வைத்துப் பிடித்தார். ஆள் குறைவு, பணம் குறைவு, ஆனாலும் வட பிரான்சின் நார்மண்டியை அத்தனை வருடம் இங்கிலாந்தின் கையில் வைத்திருந்ததில் அவருடைய வேகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. எதிரி யோசித்து முடிப்பதற்குள் அவன் வாசலில் நிற்பார். அதே வேகத்தைத்தான் அவர் குடும்ப விவகாரத்திலும் காட்டினார் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

1425-ல் மார்கரெட் பூஷாம்பை மணந்தார். வாரிக் ஏர்லின் மூத்த மகள். மார்கரெட்டின் தாய்வழித் தாத்தா பார்க்லி பிரபு 1417-ல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தபோது, பார்க்லி கோட்டை மகளுக்கா, தம்பி மகன் ஜேம்ஸுக்கா என்று வழக்கு கிளம்பியது. தாய்க்குக் கிடைக்காததை மார்கரெட் விடவே இல்லை. அவர் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன், பெண் என்பதற்காக ஒரு வழியின் சொத்து கை மாறுவது யாருக்கும் வலிக்கும். ஆனால் 1451-ல் உங்கள் தம்பி ஜான், அதாவது லைல் பிரபு, ஆள் திரட்டிப் போய் பார்க்லி கோட்டைக்குள் புகுந்து ஜேம்ஸையும் அவருடைய மகன்களையும் பிடித்துக்கொண்டான். கணவனுக்காக அலைந்த ஜேம்ஸின் மனைவி இசபெல் மோப்ரேயை மார்கரெட் க்ளாஸ்டர் கோட்டையில் அடைத்து வைத்தார், 1452-ல் அந்த அம்மா அங்கேயே இறந்தார். நார்ஃபோக் டியூக்கின் மகள் அவர். மரணம் எப்படி வந்திருந்தாலும் அந்தப் பழி உங்கள் சிற்றன்னை மேல்தான். உங்கள் அப்பா இதையெல்லாம் தடுக்கவில்லை. தடுக்காதது மட்டுமல்ல, தன் செல்வாக்கு முழுவதையும் அந்தப் பக்கமே வைத்தார்.

அந்த வருடமே மறுபடி பிரான்சுக்குக் கப்பலேறும் முன் உயில் எழுதினார். டால்பட் குடும்பத்துப் பூர்வீக நிலங்களிலும் ஒரு பகுதியை இளைய தாரத்து மகனுக்கே ஒதுக்கினார். நீங்கள் அதை ஏற்கவில்லை. சரியாகவே செய்தீர்கள் என்று நினைக்கிறேன்.

அப்புறம் காஸ்டியோன். அதிகாலையில் ஒரு மடத்தருகே இருந்த பிரெஞ்சு வில்லாளர்களை விரட்டிவிட்டு ஓய்ந்திருந்தபோது, எதிரி முகாமிலிருந்து புழுதி கிளம்புகிறது, ஓடுகிறார்கள் என்று செய்தி வந்தது. உண்மையில் முகாமைவிட்டு வெளியே அனுப்பப்பட்ட குதிரைகள் கிளப்பிய புழுதி அது. உள்ளே ஜான் பியூரோ என்ற பீரங்கி நிபுணர் அகழி வெட்டி, மண்சுவர் எழுப்பி, பீரங்கிகளை வரிசையாக நிறுத்திக் காத்திருந்தார். பின்னால் வந்துகொண்டிருந்த சொந்தக் காலாட்படை வந்து சேரும்வரைகூட அப்பா பொறுக்கவில்லை. பிரெஞ்சு மன்னருக்கு எதிராக இனி கவசம் அணிவதில்லை என்று பின்னொரு முறை பிரெஞ்சுக்காரர்களிடம் சிக்கி 1450-ல் விடுபட்டபோது வாக்குக் கொடுத்திருந்ததால் கவசமில்லாமலே போனார் என்பார்கள். எழுபதை நெருங்கிய மனிதர்! குதிரை விழுந்து அதன் அடியில் சிக்கியவரைக் கோடரியால் கொன்றார்கள். மறுநாள் அவருடைய கட்டியக்காரர் வாயில் விரலை விட்டு, பல் இல்லாத இடத்தைத் தடவித்தான் உடலை அடையாளம் கண்டாராம். பிற்காலத்தில் விட்சர்ச் தேவாலயத்துக் கல்லறையைத் திறந்தபோது மண்டையோட்டில் அந்த வெட்டு இருந்தது. லைல் பிரபு ஜானும் அதே களத்தில் போனான். அக்டோபரில் இங்கிலாந்தின் பிடியிலிருந்த போர்தோ நகரமும் விழுந்தது, நூறாண்டுப் போர் முடிந்தது.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. 1457-ல் உங்கள் தங்கை ஜோனை, மனைவியைச் சிறையில் பறிகொடுத்த அதே ஜேம்ஸ் பார்க்லிக்கு மணமுடித்தார்கள். இரண்டு வீட்டுக்கும் சமாதானமாம்! அந்தப் பெண்ணிடம் யார் கேட்டார்கள்? அப்படியும் பகை அடங்கவில்லை. லைல் பிரபுவின் மகன் தாமஸ், இருபது வயதுக்காரன், பாட்டியின் வழக்கைக் கையில் எடுத்து, ஜேம்ஸின் மகன் வில்லியமுக்குக் கடிதம் எழுதிச் சண்டைக்கு அழைத்தான். 1470 மார்ச் 20 அன்று நிப்லி கிரீன் என்ற இடத்தில் முகத்தில் அம்பு பட்டுச் செத்தான். இங்கிலாந்தில் பிரபுக்கள் தங்கள் சொந்தப் படைகளைக் கொண்டு மோதிய கடைசிப் போர் என்று அதைச் சொல்வார்கள். அந்த வில்லியம் யார்? க்ளாஸ்டர் சிறையில் இறந்த இசபெல்லின் மகன்.

இன்னொரு தங்கை எலனோர் 1468-லேயே இறந்துவிட்டார். அவரையும் நிம்மதியாக விடவில்லை. நான்காம் எட்வர்ட் மன்னர் எலிசபெத் வுட்வில்லை மணப்பதற்கு முன்பே எலனோரோடு கல்யாண ஒப்பந்தம் செய்திருந்தார் என்று சொல்லி, 1484-ல் நாடாளுமன்றமே எட்வர்டின் பிள்ளைகள் முறையற்றவர்கள் என்று சட்டம் போட்டது. அந்தப் பிள்ளைகளைத் தள்ளிவிட்டு அரசரான எட்வர்டின் தம்பி மூன்றாம் ரிச்சர்டின் சிங்காசனம் நின்றது உங்கள் தங்கையின் பெயரில்.

நீங்கள் பொறுமையானவர் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அப்பாவின் எதிரி மகளோடு குடும்பம் நடத்தினீர்கள், கஜானாவே காலியாக இருந்த காலத்தில் இங்கிலாந்தின் பொருளாளராக இருந்தீர்கள். இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரில், 1460 ஜூலை 10 அன்று நார்தாம்ப்டனில், கிரே பிரபு கட்சி மாறி எதிரியைத் தடுப்புக்குள் விட்டபோது, மன்னர் ஆறாம் ஹென்றியின் கூடாரத்தருகே நின்று செத்தவர்களில் நீங்களும் ஒருவர். காஸ்டியோனில் அப்பாவும் மகனும் செத்ததை வீரம் என்றால் இதுவும் வீரம்தான், இதைச் சொல்லத்தான் ஆளில்லை.

உயில் எழுதியவர் நினைத்தது ஒன்றும் நடக்கவில்லை, ஜான். இளைய தாரத்து மகனுக்கு என்று அவர் சேர்த்து வைத்த வழி நிப்லி கிரீனில் ஆண் வாரிசில்லாமல் நின்றுபோனது. உங்கள் வழியில் ஏர்ல் பட்டம் தொடர்ந்தது. நூறு வருடம் கழித்து, ஸ்காட்லாந்து அரசி மேரியைக் காவலில் வைக்க நம்பிக்கையான பிரபுவைத் தேடிய முதலாம் எலிசபெத், ஆறாவது ஷ்ரூஸ்பரி ஏர்லான உங்கள் வம்சத்து ஜார்ஜ் டால்பட்டிடம்தான் அந்தப் பொறுப்பைக் கொடுத்தார். அந்த அரசியை அவர் பல வருடம் வைத்திருந்த இடம் ஷெஃபீல்டு, உங்கள் அம்மா கொண்டுவந்த சொத்து.

அன்புடன்,
உங்கள் கதையைத் தேடிப் படித்த ஒரு வாசகி