இளவரசியின் இரண்டாவது கேள்வி

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குப் பெயர் சூட்டிய செய்தியைப் படித்து வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. இங்கே அனைவரும் நலம். கண்புரை அறுவை முடிந்த பிறகு பொடி எழுத்தும் தெளிவாகத் தெரிகிறது. படிப்பு மறுபடி சூடுபிடித்துவிட்டது.

நீ போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் என்னை உடனே உட்கார வைத்தது. "டேக்கார்ட்டின் கதையைக் கில்பர்ட் ரைல் 1949-இல் முடித்துவைத்துவிட்டார். இனி அவரைப் படித்து என்ன ஆகப்போகிறது?" என்று கேட்டிருந்தாய். இதில் எனக்கு உடன்பாடு இல்லை. உடல் என்னும் இயந்திரத்துக்குள் ஆன்மா என்று ஒரு பேய் குடியிருப்பதுபோல், பதினேழாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் டேக்கார்ட் பேசினார் என்று ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ரைல் சாடியது சரிதான். ஆனால் அந்த இடத்தில் டேக்கார்ட்டை முதலில் மடக்கியவர், அவர் காலத்திலேயே வாழ்ந்த இருபத்துநான்கு வயதுப் பெண். இன்றைய செக் நாட்டில் இருந்த பொஹிமியாவின் இளவரசி எலிசபெத்.

இளவரசி என்பது பெயருக்குத்தான். அவருடைய தந்தை ஃபிரடெரிக் பொஹிமியாவின் அரியணையில் ஒரு குளிர்காலம்தான் நிலைத்தார். 1620-இல் பிராகு நகருக்கு வெளியே நடந்த போரில் தோற்று, குடும்பத்தோடு ஹாலந்தில் தஞ்சம் புகுந்தார். அங்கே தி ஹேக் நகரிலிருந்துதான் எலிசபெத் 1643 மே மாதம் டேக்கார்ட்டுக்கு முதல் கடிதத்தை எழுதினார். கேள்வி இதுதான்: ஒரு பொருளை நகர்த்த வேண்டுமென்றால் அதைத் தொட்டுத் தள்ள வேண்டும். தொடுவதற்கு இடத்தை அடைக்கும் தன்மை வேண்டும். ஆன்மாவுக்கு அந்தத் தன்மையே கிடையாது, அது வெறும் சிந்தனை என்கிறீர்கள். அப்படியானால் அது உடலை எப்படி அசைக்கிறது?

டேக்கார்ட் எடை என்ற எடுத்துக்காட்டைத் தந்தார். எடை கல்லைக் கீழே இழுக்கிறது என்று எல்லோரும் நம்புகிறோம், ஒன்றையொன்று தொட்டுத் தள்ளுவதாக யாரும் நினைப்பதில்லையே, ஆன்மாவையும் அப்படியே எண்ணிக்கொள்ளுங்கள் என்றார். எலிசபெத் விடவில்லை. எடை பற்றிய அந்தப் பழைய கருத்தே பொய் என்று இயற்பியலில் நிறுவுகிறவர் நீங்கள்தானே, அதை வைத்து இதை எப்படி விளக்குவீர்கள் என்று திருப்பிக் கேட்டார். பொருளல்லாத ஒன்று உடலை அசைக்கிறது என்று ஒப்புக்கொள்வதைவிட, ஆன்மாவும் ஒரு பொருள்தான் என்று ஒப்புக்கொள்வது தமக்கு எளிது என்றும் எழுதினார். அடுத்த பதிலில் டேக்கார்ட், ஆன்மாவும் உடலும் ஒன்றுபட்டிருப்பதை ஆராய்ச்சியால் அறிய முடியாது, அன்றாட வாழ்க்கையிலும் சாதாரணப் பேச்சிலுமே உணர முடியும் என்றார். அதற்கும் எலிசபெத்திடம் பதில் இருந்தது: ஆன்மா உடலை அசைக்கிறது என்று புலன்கள் காட்டுகின்றன, எப்படி அசைக்கிறது என்று காட்டவில்லையே!

தத்துவ வரலாற்று நூல்கள் பெரும்பாலும் இங்கேயே எலிசபெத்தை வழியனுப்பிவிடுகின்றன. எனக்கு அதில்தான் வருத்தம். ஒரு காரணமும் உண்டு. 1650-இல் டேக்கார்ட் ஸ்டாக்ஹோமில் இறந்த பிறகு, தம்முடைய கடிதங்களை வெளியிட எலிசபெத் இசையவில்லை. டேக்கார்ட்டின் கடிதங்கள் 1657 முதல் அச்சில் வந்தன. இவருடையவை 1879-இல்தான் வெளிவந்தன. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக உலகம் படித்தது பதில்களை மட்டும்தான்.

அவர் கேட்ட இரண்டாவது கேள்வி 1645-ஐச் சேர்ந்தது. அந்த ஆண்டு அவருக்கு விடாத மெல்லிய காய்ச்சல், வறட்டு இருமல். இங்கிலாந்தில் தாய்மாமன் முதலாம் சார்லஸ் மன்னர் உள்நாட்டுப் போரில் தோற்றுக்கொண்டிருந்தார். இத்தகைய காய்ச்சலுக்குத் துயரமே பெரும்பாலும் காரணம் என்று சொன்ன டேக்கார்ட், பண்டைய ரோமானியத் தத்துவ அறிஞர் செனெக்காவின் நூலை இருவரும் சேர்ந்து படிக்கலாம் என்றார். அறிவை ஒழுங்காகப் பயன்படுத்தி, நம் கையில் உள்ளதை மட்டும் விரும்பினால் மன நிறைவு கிட்டும், அதை எவராலும் பறிக்க முடியாது என்பது அவருடைய போதனை. ஆகஸ்ட் மாதம் எலிசபெத் எழுதிய பதிலை நான் பலமுறை படித்துவிட்டேன். சிந்திக்கும் ஆற்றலையே அடியோடு அழித்துவிடும் நோய்கள் இருக்கின்றனவே, அந்த ஆற்றலைக் குறைத்து, நல்லறிவு வகுத்த நெறியில் நடக்கவிடாமல் தடுக்கும் நோய்களும் இருக்கின்றனவே என்று அதில் கேட்கிறார். டேக்கார்ட் மறுக்கவில்லை. தாம் எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னது, அறிவைத் தடையின்றிப் பயன்படுத்த முடிகிறவர்களுக்கே பொருந்தும் என்று செப்டம்பரில் ஒப்புக்கொண்டார். அவ்வளவு பெரிய மனிதர் அப்படி இறங்கிவந்ததற்காக அவர்மீது எனக்கு மதிப்பு கூடியது.

முதல் கேள்வி ஆன்மாவை நம்புகிறவர்களைத்தான் சுடும். இந்த இரண்டாவது கேள்வி அறநெறியை அறிவின்மீது கட்டிய எல்லோரையும் சுடும். 1785-இல் ஜெர்மானியத் தத்துவ அறிஞர் கான்ட், நல்லெண்ணம் கொண்ட மன உறுதி எதையும் சாதிக்காமல் போனாலும் ஒரு மணியைப் போலத் தானே ஒளிரும் என்று எழுதினார். அழகான வாக்கியம், நான் மதிக்கும் வாக்கியமும்கூட. ஆனால் அந்த மன உறுதியையே நோய் அரித்துவிட்டால் என்ன சொல்வது? எலிசபெத்துக்குக் கான்ட்டிடம் விடை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

உன் அண்ணனைப் பற்றி நீ எழுதியிருந்ததைப் படித்தபோதும் இதையேதான் நினைத்தேன். நமக்குச் செஸ் ஆடக் கற்றுக்கொடுத்தவர். தவறாக நகர்த்திய காயை ஒரு வார்த்தை பேசாமல் பழைய கட்டத்தில் வைத்துவிட்டு, மறுபடி யோசி என்று கண்ணால் சொல்வார். பக்கவாதத்துக்குப் பிறகு காப்பி ஆறிவிட்டது என்று டம்ளரை வீசி எறிகிறார், இவர் என் அண்ணன்தானா என்று கேட்டிருந்தாய். மூளையில் இன்ன பகுதி பழுதானால் இன்ன குணம் மாறும் என்று மருத்துவர் சொல்வதை நீ ஏற்றுக்கொள். ஆனால் அந்தக் கோபத்தை அவருடைய குணக்கேடாக மனத்தில் எழுதிவைக்காதே. பொறுமையைத் தம் சொந்த முயற்சியால் சம்பாதித்த மனிதர் அவர். அது அவரிடமிருந்து பறிக்கப்பட்டிருக்கிறது. அண்ணியிடமும் இதைச் சொல்.

நரம்பியல் வளர்ந்தால் மிச்சமும் தீர்ந்துவிடும் என்பது உன் கட்சி. நரம்பணுக்களின் செயல் ஏன் வலியாகவும் நிறமாகவும் உள்ளே உணரப்படுகிறது என்பதைக் கடினமான சிக்கல் என்று 1995-இல் தத்துவ அறிஞர் டேவிட் சால்மர்ஸ் பெயரிட்டார். அது 1643-இல் எழுந்த கேள்வியின் பேரப்பிள்ளை என்றே நான் கருதுகிறேன். அதைப் பற்றி நாம் நேரில்தான் சண்டை போட வேண்டும்.

டேக்கார்ட்டுக்கு அடுத்த தலைமுறை டச்சுத் தத்துவ அறிஞர் ஸ்பினோசாவின் அறவியல் நூலைத் தொடங்கி, முதல் பகுதியின் வரையறைகளிலேயே நின்றுவிட்டதாக எழுதியிருந்தாய். அதை அப்படியே விட்டுவிட்டு ஐந்தாம் பகுதியின் முன்னுரைக்குப் போ. டேக்கார்ட் ஆன்மாவுக்கு இருப்பிடமாகக் காட்டிய, மூளையின் நடுவில் உள்ள பினியல் என்ற சிறு சுரப்பியை ஸ்பினோசா அங்கே பிரித்து மேய்கிறார். பிறகு உணர்ச்சிகளைப் பற்றிய மூன்றாம் பகுதியைப் படி. அதற்குப் பிறகும் ரைல்தான் முடித்துவைத்தார் என்று உனக்குத் தோன்றினால், காரணத்தோடு எழுது. விடமாட்டேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்